கோல் போஸ்டுக்குப் பின்னால் குளோரி

குளோரியிடம் ஏச்சு வாங்காதவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர்தான். ஒருவர் பங்குச்சாமி, இன்னொருவர் அவளுடைய மருமகன் ஷிஜின். பங்குச்சாமியும் போன தவக்காலத்தில் பூசை முடிவில் அறிவிப்புகளை நீட்டி நீட்டி வாசித்து மீன் ஏலத்துக்கு நேரமாக்கியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆகவே மிச்சம் மருமகன் மட்டும்தான்.

என் பெயர் மரியஜான். முட்டத்துக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஐஸ் கடை வைத்திருக்கிறேன். ஐஸ் விற்கிறவன் குளிர்ச்சியாகப் பேசுவான் என்று நினைத்து யாரும் வர வேண்டாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊர் கால்பந்துக் கழகத்துக்கும் நான்தான் செயலாளர். அந்தப் பதவிக்கு வந்த பிறகு கோபம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

குளோரி ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது மகள் லிஜா கைக்குழந்தை. அன்று மீன் சருவத்தைத் தலையில் தூக்கியவள் இன்னும் இறக்கவில்லை. காலையில் என் கடையில் ஐஸ் வாங்கி, அது உருகுவதற்கும் என்னையே ஏசிவிட்டு, நாகர்கோவிலில் தெருத் தெருவாகப் போய் விற்பாள். மீன் ஃப்ரெஷ்ஷா என்று கேட்ட ஒரு பேராசிரியரிடம், "இல்ல சாரே, உங்க கல்யாணத்தன்னைக்குப் புடிச்சது, கொஞ்சம் மிச்சம் வந்திட்டு" என்றாளாம். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு போனார். இன்றும் அவளிடம்தான் வாங்குகிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மா இல்லை. அந்த வாயை வைத்துத்தான் அவள் ஒரு வீடு கட்டினாள், லிஜாவை நர்சிங் படிக்க வைத்தாள்.

மருமகனிடம் மட்டும் அவள் வேறு ஆள். ஷிஜின் குளச்சல்காரன். கல்யாணத்துக்குப் பிறகு குளோரி வீட்டிலேயே தங்கிவிட்டான். அவன் எதிரில் அவள் உட்கார மாட்டாள். கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு, "மருமகனே, சாயா குடிக்கியளா" என்று கேட்பாள். அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டபோது வீட்டுக்குள் வேறு யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"எங்களயெல்லாம் கிழிச்சிப் போடுத, அவன மட்டும் ஏன் தாங்குத?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவர ஏசுனா கோவிச்சுக்கிட்டு எம் புள்ளையக் கூட்டிட்டுக் கொளச்சலுக்குப் போயிருவாருண்ணே. பொறவு நான் சுவத்தப் பாத்தா ஏசுவேன்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இனி கால்பந்துக்கு வருகிறேன். திருவிழாக் கோப்பையை நாங்கள் தூக்கி நெடுநாள் ஆகிறது. இறுதிப் போட்டிக்கு வருவோம், சமன் செய்வோம், பெனால்டியில் தோற்போம். கோல் காப்பவன் ஷிஜின். ஆட்டம் நடக்கும்போது அவனைத் தாண்டி ஒரு பந்து போகாது. பெனால்டி என்று வந்துவிட்டால் எதிரூர்க்காரர்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால் கூடி நின்று ஏசத் தொடங்குவார்கள். அவனுக்கு வெப்ராளம் வந்துவிடும். படபடப்பும் எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வருவதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். போன வருஷம் எவனோ என்னவோ சொல்லப் போக, இவன் கோலை விட்டுவிட்டு ஓடிப்போய் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டான். பந்து யாரும் இல்லாத கோலுக்குள் உருண்டு போனது. பிடிபட்ட ஆள் யாரென்று பார்த்தால் எங்கள் கழகத்துப் பொருளாளர்.

அந்தச் சமயத்தில்தான் நந்தனா வந்தாள். அஞ்சுகிராமத்துப் பிள்ளை, விளையாட்டு உளவியல் படித்தவள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு மன ஆலோசனை சொல்லும் வேலை. தன் ஆராய்ச்சிக்கு ஒரு கடற்கரை அணி வேண்டும், காசு வேண்டாம் என்றாள். காசு வேண்டாம் என்றதும் கமிட்டி எழுந்து நின்று வரவேற்றது.

முதல் வகுப்பில் பையன்களை மணலில் உட்கார வைத்தாள். "கண்ணை மூடிக்கோங்க. அமைதியான கடலை நெனச்சுக்கோங்க. அலையே இல்லை. நீங்க மட்டும் ஒரு படகுல இருக்கீங்க" என்றாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடல் தொழிலாளிகள். கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்கு வியர்த்துவிட்டது. ஒருவன் எழுந்து நின்றான். என்ன என்று கேட்டால், "எஞ்சின் நின்னுட்டு டீச்சர். கூட ஆளும் இல்ல" என்கிறான். இன்னொருவனுக்கு, அலையே இல்லையென்றால் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பயம்.

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என் தப்புதான். நான் ஆபீஸை நெனச்சுக்கோன்னு சொன்ன மாதிரி ஆயிட்டு" என்றாள். எனக்கு அப்போதுதான் அவள்மேல் ஒரு மதிப்பு வந்தது.

மறுநாள் வேறு வழிக்கு வந்தாள். ஏச்சைக் கேட்டு மனசு கலங்குகிறது என்றால், ஏச்சுக்கு நடுவிலேயே நின்று பழக வேண்டும். பழகப் பழக அது காதில் விழும், நெஞ்சில் விழாது. விசில் அடித்ததும் மூச்சை நீளமாக விட வேண்டும், பந்தை மட்டும் பார்க்க வேண்டும். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஏச்சுக்கு எங்கே போவது? செல்போனில் கூட்டத்தின் கூச்சலைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் வைத்தோம். நடுவில் வேட்டி விளம்பரம் வந்தது. பிறகு நானே போய் நின்று ஏசினேன். பையன்கள் திருப்பி ஏசினார்கள். பழைய சந்தா பாக்கி வரைக்கும் பேச்சு போய்விட்டது.

"குளோரியக்கா இருக்கும்போது நாம எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்?" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குளோரி முடியவே முடியாது என்றாள். "ஊரையே ஏசச் சொல்லு, ஏசுதேன். மருமகன ஏசுன மாமியாருன்னு எனக்குப் பேரு வேண்டாம்." நந்தனா அவளோடு அடுக்களையில் உட்கார்ந்து கணவாய் மீன் கழுவிக்கொண்டே நெடுநேரம் பேசினாள். லிஜாவும், "யம்மா, போயி ஏசிக் குடுத்துட்டு வாயேன். அவரே கேக்காரு" என்றாள். கடைசியில் ஷிஜினே வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"மாமி, அது வந்து, எனக்கு ஒரு ரெண்டு வாரம் கொஞ்சம் ஏசித் தரணும்."

கேட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. பெண் கேட்டு வந்தபோதுகூட அவன் இவ்வளவு நெளியவில்லை. குளோரி கதவுக்குப் பின்னால் நின்று யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். அவன் கையுறை மாட்டியிருக்கும் வரைக்கும் கோல்கீப்பர், யாரோ ஒருத்தன். கழற்றிவிட்டால் மருமகன். சபையின் முன்னால் இது ஒப்புக்கொள்ளப்பட்டது.

முதல் நாள் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றாள். பையன்கள் பந்தை வைத்தார்கள். குளோரி தொண்டையைச் செருமினாள். "மருமகனே, நீங்க கொஞ்சம் வலப்பக்கமா ஒதுங்கி நின்னா நல்லதுன்னு எனக்குப் படுது" என்றாள். மைதானமே படுத்துச் சிரித்தது. அதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த பந்து உள்ளே போனதும், "ஏலே, வாறது பந்தா, பங்குச்சாமியா? இப்படி ஒதுங்கி வழி விடுத?" என்றாள்.

அதன் பிறகு மடை திறந்துவிட்டது. "ஒனக்குப் பதிலா எஞ் சேலைய கெட்டித் தொங்கவிட்டாக்கூட ரெண்டு பந்து தட்டும்ல." "கண்ணப் பாரு, நேத்தைக்கு வித்துப் போவாத அயிலக் கண்ணு." "குதிக்கியா, இல்ல பூசையில முழங்கால் போடுதியா?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை அவன் குலத்துக்கே பொருத்திக் காட்டினாள். பயிற்சி முடிந்து அவன் கையுறையைக் கழற்றியதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து, "தண்ணி குடிங்க மருமகனே, ரொம்ப வேத்திருக்கு" என்பாள். இரண்டு குளோரிகளைப் பார்க்க வேறு தெருக்களிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கடலைக்காரன் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, பலித்தது. ஷிஜின் விசில் கேட்டால் மூச்சை விட்டான், பந்தைப் பார்த்தான், பிடித்தான். குளோரியின் ஏச்சு அவன் மேல் பட்டு மழைத்தண்ணி மாதிரி வழிந்து போனது. நந்தனா ஓரத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையை வைக்கக் கழகத்தில் அலமாரி இல்லையே என்று நான் தச்சனிடம் பேசப் போய்விட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. குளோரி வரும்போதே முகம் சரியில்லை. ஷிஜின் முதல் பந்தைப் பிடித்தான், இரண்டாவதையும் பிடித்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதையும் அவன் பிடித்துவிட்டுப் பையன்களைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் குளோரி வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சிரிக்கியால? ரெண்டு வருசம் முந்தி இதே நாளு எம் மவ ஆஸ்பத்திரியில செத்துப் பொழச்சுக் கெடந்தாளே, அப்ப நீ எங்கல இருந்த? மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்தமே ஒம் புள்ளைய, ஒரு வார்த்த கேட்டியால?"

அடுத்த பந்தை அடிக்க ஓடிவந்தவன் பாதியில் நின்றுவிட்டான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் அது. லிஜாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. ஷிஜின் அப்போது பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். அவன் வரவில்லை. பல மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டு வந்தான், வலையைத் தூக்கிக்கொண்டு இங்கேயே கடலுக்குப் போகத் தொடங்கினான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஷிஜின் மெதுவாகக் கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தான். யாரையும் பார்க்காமல் நடந்து போனான். குளோரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் ஷிஜினும் லிஜாவும் ஒரு பையோடு குளச்சலுக்குப் பஸ் ஏறினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். நான் நந்தனாவைப் பார்த்துச் சொன்னேன். குளோரி யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மீன் விலை கேட்டால் விலையை மட்டும் சொன்னாள். பேராசிரியர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டு, பேரம் பேசாமல் வாங்கினாராம். எப்படியாவது அவள் வாயைத் திறக்க வைக்கலாம் என்று ஒருநாள் வேண்டுமென்றே பாதி ஐஸ் கட்டியை உடைத்து எடுத்துவைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். பேசாமல் சருவத்தில் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஓடிப்போய் மிச்சத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நந்தனா குளச்சலுக்குப் போய்ப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தாள்.

"என்னம்மா சொல்லுதான் அவன்? கோவமா இருக்கானா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல சார். அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. அவரு எங்கிட்ட நம்பிச் சொன்னது."

"எங்க ஊரு பையன், எங்க கழகத்து கீப்பர், எங்கிட்டச் சொல்லக்கூடாதோ? இது என்ன படிப்பு?"

"இந்தப் படிப்புல பாதியே அதுதான் சார்" என்றாள். "அவரு வெளயாட வருவாரு. குளோரியக்காவ எப்படியாவது மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்திருங்க. அது மட்டும் போதும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனேன். குளோரி வர மறுத்தாள். "நான் வந்தா அவரு வெளயாட மாட்டாரு. நான் வரப்பிடாது" என்றாள். "ஒன் மவளும் வருவாளாம், பாக்க வேண்டாமா?" என்று ஒரு பொய்யைப் போட்டுத்தான் கூட்டிவந்தேன். லிஜா வரவில்லை. ஜனத்துக்குள் மகளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இறுதிப் போட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வழக்கம்போல் சமன், வழக்கம்போல் பெனால்டி. எதிரூர்க்காரர்கள் கோலுக்குப் பின்னால் வந்து கூடினார்கள். நான் ஐஸ் போட்ட தண்ணீர்ப் பாட்டிலோடு ஷிஜினிடம் போனேன். அவன் வாங்கவில்லை. நேராகக் குளோரி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தான். அவள் பதறி எழுந்தாள்.

"மருமகனே, நான் ஒண்ணும் சொல்லல்ல. சும்மா பாக்கத்தான் வந்தேன். நீங்க போங்க, நல்லா வெளயாடுங்க."

"மாமி, அன்னைக்கு நான் கடல்ல இருந்தேன்" என்றான் ஷிஜின். "கரைக்கு வந்த பொறவுதான் தெரிஞ்சுது. பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. போன் போட்டேன். நீங்க எடுத்து 'அலோ'ன்னிய. எனக்கு வாய் வரல்ல. வச்சிட்டேன்."

குளோரி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஊருக்கு வந்த பொறவு ஒருத்தரும் எங்கிட்ட அதக் கேக்கல்ல. நீங்க கதவுக்குப் பின்னால நின்னு சாயா வேணுமான்னு மட்டும் கேட்டிய. அவ அழுவான்னு நான் பேசல்ல. நான் அழுவேன்னு அவ பேசல்ல. அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பொறவுதான் மாமி, நாங்க ரெண்டுபேரும் கொளச்சல்ல போயி இருந்து அழுதோம்."

நடுவர் விசில் அடித்தார். கீப்பர் வரவில்லை என்று எதிரூர்க்காரர்கள் கத்தினார்கள். நடுவரைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. ஷிஜின் கோலுக்குப் போகத் திரும்பினான். இரண்டடி வைத்துவிட்டு, "வந்ததுக்கு ஏதாவது சொல்லுங்க மாமி. இவனுவ ஏசுறது எனக்குக் காணாது" என்றான்.

முதல் பந்து உள்ளே போனது. குளோரி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாவதும் போனது. அவள் முக்காட்டை எடுத்து இடுப்பில் சொருகினாள்.

"ஏலே கொளச்சல்காரா" என்று தொடங்கினாள். எதிரூர்க் கூட்டம் வாயை மூடிவிட்டது. அவர்களும் கடற்கரைக்காரர்கள், பெரிய கை எது என்று அவர்களுக்குத் தெரியும். "பேசத் தெரியாத நாக்க எதுக்குல வச்சிருக்க, சாளக் கொழம்பு நக்கவா? ஒனக்கு வாய் வரல்லன்னா எனக்கு வாய் இல்லையா, ரெண்டுபேருக்கும் சேத்து நான் பேசியிருக்க மாட்டேனா? கழுத மாதிரி ஒத்தைக்கு எல்லாத்தையும் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கான் பாரு. நீயும் இல்லாம அவளும் இல்லாம தெனமும் மூணு பேருக்குச் சோறு பொங்கி வச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன்ல நான், மூணு பேருக்கு. வெக்கங்கெட்டவனே, பந்தப் பாருல."

அவள் அழுதுகொண்டே ஏசினாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். கண்ணீரில் மூன்றாவது பந்தை அவன் பார்த்தானா என்பதே எனக்குச் சந்தேகம். அது அவன் முழங்காலில் பட்டுத் தெறித்து வெளியே போனது. நான்காவதைப் பார்த்தே பிடித்தான். ஐந்தாவதையும் பிடித்தான். இப்படி ஒரு கீப்பரை வைத்துக்கொண்டும் நாங்கள் தோற்றோம். எங்கள் பையன்கள் அடித்ததில் ஒன்றுதான் உள்ளே போனது. கடைசிப் பந்து தென்னந்தோப்பில் கிடைத்தது. நந்தனா என்னிடம் வந்து, அடுத்த வருஷம் அடிக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றாள். தச்சனுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குளோரிக்கு யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாது. ஷிஜினின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் போனான். ஏச்சு நிற்கவில்லை. பஹ்ரைன் முதலாளி, பாஸ்போர்ட், போன் கம்பெனி, குளச்சலில் மெலிந்துபோன அவன் உடம்பு என்று வழிநெடுக ஏசிக்கொண்டே போனாள். நானும் கூடப் போனேன், ஐஸ் கடையும் அந்த வழிதான்.

வீட்டு வாசலில் லிஜா நின்றுகொண்டிருந்தாள். மத்தியானப் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம். அம்மாவின் சத்தத்தைக் கேட்டுப் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"யம்மா, என்னம்மா இது? தெருவுல வச்சு அவரப் போயி இப்படி ஏசுத? நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"நீ சும்மா கெடட்டி" என்றாள் குளோரி. "நான் எம் மவன ஏசுதேன். ஒனக்கு என்ன?"